மாட்டுப்பட்டி மலையில் டெல்ஃபினியம்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர் சென்றால் மாட்டுப்பட்டியை அடைகின்றோம். கடல் மட்டத்திற்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. ஒருபுறம் தேயிலைச் சரிவுகள், ஒருபுறம் புல்வெளி, நடுவே 1953-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் நீர்த்தேக்கம். ஊரின் பெயரே அதன் பழைய தொழிலைக் கூறுகின்றது. மாடுகளை அடைக்கும் இடத்தைப் 'பட்டி' என்பது நம் வழக்கு. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருப்பினும், இவ்வூரின் பெயரைப் பொருள் விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு அகராதி வேண்டுவதில்லை.

இத்தகைய குளிர்மலைகளில் ஐரோப்பியர் விரும்பி வளர்த்த பூக்களுள் டெல்ஃபினியம் ஒன்று. ஆள் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கும் தண்டு. அதன் மேற்பாதி முழுவதும் கீழிருந்து மேலாக மலர்ந்து செல்லும் நீலப் பூக்கள். வெண்மையும் ஊதாவும் இளஞ்சிவப்பும் உண்டெனினும் இதன் புகழ் நீலத்தாலேயே வந்தது. மலர்களில் மெய்யான நீலம் அரிது என்பதைத் தோட்டக் கலைஞர் அனைவரும் அறிவர். விரியாத மொட்டு டால்பின் என்னும் கடல்வாழ் உயிரின் வடிவினை ஒத்திருத்தலால், கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் வந்தது. நாம் இதழ் என எண்ணும் நீலப் பகுதிகள் உண்மையில் புல்லி இதழ்களே. ஐந்தனுள் ஒன்று பின்புறமாக வால்போல் நீண்டு, உள்ளே தேனைக் காக்கின்றது.

இப்பூ நம் நாட்டிற்கு முற்றிலும் அந்நியமன்று. காஷ்மீரத்திலும் இமயத்தின் பிற பகுதிகளிலும் இதன் இனங்கள் பல இயற்கையாகவே வளர்கின்றன. மும்பை, புணே நகரங்களில் வாழும் நம்மவர், மழைக்காலம் கழிந்ததும் சஹ்யாத்திரி மலைகளில் ஏறிச் சென்றால், 'டெல்ஃபினியம் மலபாரிக்கம்' என்னும் நீலப்பூவை நேரிலே காணலாம். ஆயின் தோட்டங்களை அணிசெய்யும் உயர்ந்த டெல்ஃபினியம் வேறொரு வழியில் வந்தது. மத்திய ஐரோப்பா முதல் சைபீரியா வரை பரவிய காட்டினம் ஒன்றைப் பிரான்சில் லெமுவானும், இங்கிலாந்தில் கெல்வேயும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் பிளாக்மோர் – லாங்டன் பண்ணையாரும் பிற இனங்களோடு கலந்து, பொறுக்கியெடுத்து உருவாக்கினர். பின்னர்க் கலிபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் என்பவர் விதையிலிருந்தே எளிதில் வளர்க்கத்தக்க 'பசிபிக் ஜயன்ட்' வகையைத் தந்தார். இத்துணை உழைப்பும் குளிர்நாட்டுத் தோட்டங்களை நோக்கியே நடந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி இம்மலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பார் பார்வதி என்னுமிடத்தில் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பெற்றது. காடு திருத்தவும், பாதை வெட்டவும், கொழுந்து பறிக்கவும் வேண்டிய ஆட்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்தனர். கங்காணிகளின் பின்னே, போடிநாயக்கனூர் வழியாகச் செங்குத்தான மலைப்பாதையில் ஏறி வந்தவர் பலர். சென்னை மாகாணத்தினின்று திருவிதாங்கூர் அரசுக்குள் அவர்கள் புகுந்தனர். வடக்கேயும் மேற்கேயும் பிழைப்பு நாடிச் சென்ற நமக்கு அவர்கள் முன்னோடிகள்.

1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. 1908-இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பெற்றது. மாட்டுப்பட்டி அப்பாதையில் ஒரு நிலையம். தேயிலைப் பெட்டிகள் அவ்வழியே டாப் ஸ்டேஷனுக்குச் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையும் வெள்ளமும் அவ்விருப்புப்பாதையை அழித்தன. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

துரைமார் பங்களாக்களைச் சுற்றித் தம் நாட்டை நினைவூட்டும் தோட்டங்களை அமைத்துக்கொள்ளுதல் அக்காலத்து மலைவாழ்க்கையின் இயல்பு. இதற்கு முன்மாதிரி உதகையில் இருந்தது. கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் 1848-இல் உதகைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். கோடைக்கானலில் 1908-இல் பிரையன்ட் பூங்கா அமைந்தது. உதகைப் பூங்காவில் டெல்ஃபினியத்தை இன்றும் காண்கின்றோம். ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் மலர்க்காட்சியின் தொட்டிச் செடிகளுள் அதற்கு ஓரிடம் உண்டு.

இங்கிலாந்தில் டெல்ஃபினியம் பல்லாண்டுச் செடி. பனிக்காலத்தில் மேற்பகுதி மடிந்துவிடும். வேர்த்தலை மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். நன்கு நட்டவர் சில ஆண்டுகள் கவலையின்றிப் பூப்பெறலாம். நம் தென்மலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூணாற்றுப் பகுதியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவதுண்டு எனினும், செடிக்கு வேண்டிய நீண்ட உறக்கத்தை அது தருவதில்லை. அதன்பின் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பெய்கின்றது. ஈரம் தங்கிய மண்ணில் வேர்த்தலை அழுகுகின்றது. ஆதலின் பல்லாண்டுச் செடி இங்கே ஓராண்டுச் செடியாகின்றது. மழை ஓய்ந்தபின் விதைத்து, கோடையில் பூக்கக் கண்டு, அடுத்த மழைக்குப்பின் மீண்டும் விதைக்க வேண்டும்.

இதில் ஒரு வரலாற்று உண்மை அடங்கியுள்ளது. வேர் நிலைத்து நிற்கும் நாட்டில், நட்டவர் மறைந்தாலும் செடி சில காலம் வாழும். வேர் நிலையாத இடத்தில் ஆண்டுதோறும் ஒருவர் விதைத்தால்தான் அது உண்டு. எனவே தென்மலைகளின் டெல்ஃபினியப் பாத்தி ஒவ்வொன்றும் தோட்டக்காரரின் கையறிவால் நிலைத்த ஒன்றாகும். விதை வரவழைத்தவர் பெயரும் பூங்கா நிறுவியவர் பெயரும் நூல்களில் உள்ளன. ஆண்டுதோறும் விதைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

அக்கையறிவு எளியதன்று. அதன் கூறுகளைக் காண்போம்.

முதலாவது, விதை. டெல்ஃபினிய விதை விரைவில் உயிர்ப்பு இழப்பது. வெப்பமான அலமாரியில் ஓராண்டு கிடந்தால் பெரும்பகுதி முளைக்காது. காற்றுப்புகாத சிமிழில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தல் நன்று. முளைப்பதற்கு 15 பாகை செல்சியஸ் அளவிலான குளிர்ச்சி ஏற்றது. 25 பாகையைக் கடந்தால் முளைப்பு குன்றும். விதையை மெல்லிய மண்ணால் மூடி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தோன்றும்.

இரண்டாவது, மண். தேயிலை புளிப்பு மண்ணில் செழிப்பது. மண்ணியலார் கூறும் கார அமில அளவில் 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. டெல்ஃபினியமோ ஏறக்குறைய நடுநிலையான மண்ணை வேண்டுவது. ஆகவே தேயிலை தழைக்கும் மண்ணில் டெல்ஃபினியம் வாழ வேண்டுமாயின், சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைத் தணித்தல் வேண்டும். ஒரே சரிவில், வேலிக்கு அப்பால் ஒரு மண்ணும் இப்பால் ஒரு மண்ணுமாகப் பேண வேண்டியிருந்தது. மக்கிய தொழுவெரு இதற்கு மிகவும் ஏற்றது. மாட்டுப்பட்டி போன்ற ஊரில் அதற்குக் குறைவிருக்காது.

மூன்றாவது, நீரும் காற்றும். பாத்தியை உயர்த்தி, வடிகால் விட்டு, இரண்டடி இடைவெளியில் நடுவர். தண்டு உள்ளே கூடானது. பூவின் பாரம் மிகுதி. ஒரு மழைக்காற்றில் முறிந்துவிடும். ஆதலால் செடி ஓரடி வளர்ந்தவுடனே கழி ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். பூத்தபின் கழி தேடுவோர் முறிந்த தண்டையே காண்பர். ஓடில்லா நத்தைகள் இரவில் இளந்தளிரைத் தின்னும். விளக்குடன் சென்று பொறுக்குவதே பழைய முறை. இலைமேல் வெண்சாம்பல் படிந்தால் அது பூஞ்சை நோய். செடிகளை நெருக்கமின்றி வைத்தலும் கந்தகம் தூவுதலும் பயன்தரும். முதற்பூ வாடியதும் தண்டை இலைகளுக்கு மேலாக அறுத்துவிட்டால், பக்கத்துளிர்கள் எழுந்து சிறிய இரண்டாம் பூவைத் தரும்.

நான்காவது, எச்சரிக்கை. இச்செடி முழுதும் நஞ்சு. இளந்தளிரிலும் விதையிலும் நஞ்சு மிகுதி. அமெரிக்காவின் மேற்குப்பகுதி மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியத்தைத் தின்று மாடுகள் இறத்தல் பண்ணையாருக்கு நெடுங்காலமாகப் பெரும் இழப்பு. அதன் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சை அடைக்கின்றது. ஆடுகள் அந்நஞ்சை மாடுகளைவிடப் பன்மடங்கு தாங்கவல்லன. ஆதலின் மாடுகளுக்கு முன்னே ஆடுகளை மேயவிடும் வழக்கமும் அங்கு உண்டு.

மாடுகளால் பெயர்பெற்ற நம் ஊருக்கு இச்செய்தி நேரே பொருந்தும். 1963-இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மாட்டுப்பட்டியில் கால்நடைத் திட்டம் தொடங்கியது. பிரௌன் சுவிஸ் காளைகளையும் நாட்டுப் பசுக்களையும் இணைத்து 'சுனந்தினி' என்னும் இனம் உருவாயிற்று. அத்திட்டத்தின் வழியே 1976-இல் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் தோன்றியது. கால்நடைகள் மேயும் ஊரில் டெல்ஃபினியத்தை வளர்ப்போர் வேலியை உறுதியாக அடைப்பதும், அறுத்த தண்டுகளைப் புல்லோடு கலவாமல் குழியில் புதைப்பதும் இன்றியமையாதன. அழகிய பூவாயிற்றே எனக் கழித்த தழையைத் தொழுவத்தில் இடுதல் கூடாது.

காலம் மாறியது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின் பகுதிகளாயின. 1964-இல் டாடா நிறுவனம் தேயிலைத் தொழிலில் கூட்டுச் சேர்ந்தது. பின்னர்த் தோட்டங்கள் டாடா வசமாகி, 2005-இல் தொழிலாளரும் பங்குதாரராய் அமைந்த புதிய கம்பெனியிடம் பெரும்பகுதி சென்றது. பங்களாக்களில் குடியிருப்போர் பலமுறை மாறினர். லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தன. இன்று மூணாற்றினின்று மாட்டுப்பட்டி செல்லும் சாலையில் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் மலர்த்தோட்டம் உள்ளது. ஒருகாலத்தில் பங்களா வேலிக்குள் அடங்கிய பூக்களை, இப்பொழுது நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் காணலாம்.

பிறமாநிலங்களில் வாழும் நாம் இதனை நம் வீட்டிலும் முயன்று பார்க்கலாம். டில்லி, சண்டிகர், லக்னோ முதலிய வடபுல நகரங்களில் உயர்ந்த டெல்ஃபினியத்தைவிட அதன் நெருங்கிய உறவினமான லார்க்ஸ்பர் எளிது. அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூக்கும். சித்திரை வெயிலில் மடியும். இதனை நாற்றாகப் பெயர்த்து நடுதல் ஆகாது. ஆழமான தொட்டியில், நிலைத்து வளர வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும். இதுவும் நஞ்சுடையது, குழந்தைகள் விதையை வாயில் இடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்கு முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, அடுத்த அக்டோபர் வரை குளிர்ச்சியாகக் காத்தல் நம் பொறுப்பு.

மாட்டுப்பட்டிக்குச் செல்லும் வாய்ப்பு வரும்பொழுது, நீர்த்தேக்கத்தையும் தேயிலைச் சரிவையும் கண்டு மகிழ்வதோடு, சாலையோரப் பூந்தோட்டத்தில் மண் கிளறும் தோட்டக்காரரிடம் நாலு சொல் பேசுவோம். எப்பொழுது விதைத்தீர்கள், மழையில் எத்தனை செடி தப்பின என்று கேட்போம். அம்மலையின் மலர் வரலாற்றில் எழுதப்படாமல் விடுபட்ட பகுதி அவருக்குத் தெரியும். நம் மொழியிலேயே அவர் அதைக் கூறக்கூடும்.