வேடத்துக்கு மரியாதை, ஆளுக்கு?

சோளிங்கர் பக்கம் கோடை வந்தால் பாரதக் கூத்து. விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். திரௌபதியாக வருபவர் ஆண். துகில் உரியும்போது கூட்டமே கைகூப்பி நிற்கும். 'இது வேடமல்ல, இதுதான் நான்' என்று ஒரு திருநங்கை சொன்னால், கும்பிட்ட அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. ஊர்த் திடல் கூத்தைச் சேரி எவ்வளவு தள்ளி நின்று பார்த்தது என்பதையும் எங்கள் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள்.

அதே கூத்தில் அரவான் களபலி உண்டு. பாண்டவர் வெல்வதற்காகச் சாகிறவன் அரவான். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியையொட்டித் திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுக்கிறார்கள். அங்கே கூடுவதன் பலத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கதை அவர்களுக்குக் கொடுத்த இடம் ஓரிரவு மணப்பெண், விடிந்தால் கைம்பெண்.

அந்த இடம் போதாது என்றவர் தலித் திருநங்கையும் நாடகக் கலைஞருமான லிவிங் ஸ்மைல் வித்யா. அவருடைய 'நான் வித்யா' தன்வரலாறு கன்னடத்தில் 'நானு அவனல்ல... அவளு' என்ற படமாக 2015இல் வந்தது. வித்யாவின் வாழ்க்கையை நடித்தவர் ஆண் நடிகர் சஞ்சாரி விஜய். சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். அவர் திறமையில் குறையில்லை. கூத்து மேடையின் பழைய வழக்கம்தான் கேமரா முன்னும் தொடர்ந்தது.

வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோர் 2014இல் சென்னையில் தொடங்கிய பன்மை நாடகக் குழு அதை உடைத்தது. திருநர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். 2016இல் பெங்களூருவில் தொடங்கிய அரவாணி ஆர்ட் புராஜெக்டில் திருநங்கையர் தெருச் சுவர்களில் ஓவியம் தீட்டினர். 2024இல் வெனிஸ் பியனாலே வரை போனார்கள்.

சுவரும் மேடையும் கிடைத்தால் போதுமா? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், திருநர்களைச் சமூக, கல்விரீதியாகப் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது. அப்படியானால் தலித் திருநங்கை எந்தப் பட்டியலில் நிற்பார்? சாதியா, பாலினமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்பதே அதன் பொருள். அதனால்தான் கிரேஸ் பானு, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார். அவர் பொறியியல் படித்தது எங்களுக்குப் பக்கத்து அரக்கோணத்தில்.

வரும் கோடையில் கூத்து வாத்தியார்களிடம் கேட்போம்: திரௌபதி வேடத்தை ஒரு திருநங்கைக்குத் தருவீர்களா? பார்த்துக் கும்பிடப் போகிறவர்களிடமும் கேட்போம்: விடிந்த பிறகு வீடு தருவீர்களா?