வழுக்கு மரம் ஏறியவர் யார்?

சென்ற ஆவணித் திங்களில் எங்கள் குழுவினர் ஐவர் விழுப்புரத்திலிருந்து செஞ்சிச் சாலையில் புறப்பட்டோம். காலையில் மண்டகப்பட்டுக் குடைவரை, மாலையில் செஞ்சிக் கோட்டை என்பது திட்டம். இரண்டுக்கும் நடுவே எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டது. கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டி, வழியிலிருந்த சிற்றூர் ஒன்றில் வழுக்கு மரம் நட்டிருந்தார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினோம். பொழுது அங்கேயே சாய்ந்தது. கோட்டையை மறுநாள்தான் ஏற முடிந்தது.

காலையில் கண்டதை முதலில் சொல்லிவிட வேண்டும். மண்டகப்பட்டுக் குடைவரை முதலாம் மகேந்திரவர்மரின் பணி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். உள்ளே மூன்று கருவறைகள் வெறுமையாக இருக்கின்றன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணச்சாந்து இன்றி நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இக்கோயில் எடுக்கப்பட்டதாக அறிவிக்கிறது. எடுத்தவன் விசித்திரசித்தன் என்னும் அரசன். கல்லைக் குடைந்த கைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தக் குறையை எங்களுக்குள் சற்றுப் பெருமிதத்தோடு பேசிக்கொண்டேதான் வண்டியில் வந்தோம். அந்தப் பெருமிதத்தின் கதை இறுதியில் வரும்.

இனி வழுக்கு மரம். பட்டை உரித்து இழைத்த நெடிய மரம். அதன்மேல் எண்ணெயும் கற்றாழைச் சோறும் பூசியிருந்தார்கள். உச்சியில் பணமுடிப்பு. ஏறுவோர்மீது நாற்புறமிருந்தும் தண்ணீரை வாரி இறைத்தார்கள். முதலில் வந்த இளைஞர்கள் தனித்தனியே முயன்று, ஆள் உயரம்கூடத் தாண்டாமல் சறுக்கி விழுந்தார்கள். ஊரே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். பிறகு நால்வர் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றனர். அவர்கள் தோளில் மூவர், அம்மூவர் தோளில் இருவர் என்று ஆள் அடுக்கு எழுந்தது, சரிந்தது, மீண்டும் எழுந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் மெலிந்த இளைஞன் ஒருவன் முடிப்பைத் தொட்டான். மேளம் முழங்கியது.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் கூறியதுதான் எங்கள் மனத்தில் தங்கியது. "மேல போனவன் ஏறல சார். முன்னால வழுக்கினானுங்க பாருங்க, அவனுங்க துணியிலதான் எண்ணெய் போச்சு. அதனால இவனுக்கு மரம் பிடி குடுத்தது." விழுந்தவர்கள் ஒவ்வொருவரும் மரத்தின் வழுக்கலில் சிறிது பகுதியைத் தம் உடலில் ஏந்திக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் தோல்வி என்று எண்ணிச் சிரித்தது உண்மையில் வேலை.

இவ்விளையாட்டு உறியடியோடு பிணைந்தது. பெரியாழ்வார் திருமொழியின் முதற் பதிகத்தில், கண்ணன் பிறந்த செய்தி கேட்ட ஆயர்கள் எண்ணெயும் சுண்ணமும் தூவ, முற்றமே சேறாகிறது. சிலர் உறியை முற்றத்தில் உருட்டி ஆடுகிறார்கள். வழுக்கு மரம் அங்கே இல்லை. ஆனால் எண்ணெய், வழுக்கல், உறி, ஆரவாரம் ஆகிய நான்கும் அங்கேயே கூடிவிட்டன. தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டிக் கரையிலுள்ள வரகூரில் உறியடியும் வழுக்கு மரமும் இன்றும் பெயர்பெற்றவை. கிருஷ்ண லீலா தரங்கிணியை இயற்றிய நாராயண தீர்த்தரோடு மரபு இணைத்துப் பேசும் ஊர் அது.

நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று இது. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் வழுக்கு மரம் உண்டு. இந்தோனேசியாவில் ஆகஸ்ட் 17 விடுதலை நாளன்று பாக்கு மரத்தை நட்டு எண்ணெய் பூசி ஏறுகிறார்கள். டச்சுக்காரர் ஆட்சியில் ஆண்டைகள் நின்று சிரிக்க, உள்நாட்டு எளியவர்கள் உணவுப் பொருளுக்காகவும் துணிக்காகவும் ஏறிய விளையாட்டு இது என்று நினைவூட்டி, இதைக் கைவிட வேண்டும் என்பாரும் அங்கு உளர். கூடி ஏறும் ஒற்றுமையின் அடையாளம் என்பாரும் உளர். ஏறுபவனைப் பார்ப்பவன் எங்கிருந்து பார்க்கிறான் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

இதை எண்ணும்போது, அமெரிக்காவில் வாழும் எங்கள் நண்பர் ஒருவர் முன்பு விவரித்த பனியேற்றத் திருவிழா நினைவுக்கு வந்தது. கொலராடோ மாநிலத்தில் ஊரே என்னும் மலையூர். அங்குள்ள ஆழ்ந்த பள்ளத்தாக்கின் சுவர்களில் குளிர்காலத்தில் குழாய்கள் வழியே தண்ணீரைத் தெளித்து உறையவைக்கிறார்கள். 1996 முதல் ஜனவரியில் அங்கே விழா நடக்கிறது. மலையேறி ஜெஃப் லோ தொடங்கிவைத்தது. விளிம்பிலும் பாலத்திலும் மக்கள் நின்று பார்க்க, கையில் பனிக்கோடரியும் காலணியில் இரும்பு முட்களும் கொண்டு வீரர்கள் உறைந்த அருவியில் ஏறுகிறார்கள். அங்கேயும் தண்ணீர் ஊற்றித்தான் வழுக்கலை உண்டாக்குகிறார்கள். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பிடி கொடுப்பது இரும்பு. இங்கே பிடி கொடுப்பது இன்னொருவன் தோள். அங்கே போட்டியில் ஏறுபவர் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகிறது. இங்கே?

மறுநாள் செஞ்சியில் இராஜகிரியின் படிகளில் மூச்சு வாங்க நின்றபோது இந்த வினா கூடவே வந்தது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் இக்கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டு வென்றார். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை இருளோடு இருளாக ஏறி, ஒரே இரவில் மூன்று குன்றுகளையும் பிடித்தது. விடிந்தபின் தாம் கடந்துவந்த செங்குத்தைக் கண்டு வென்றவர்களே வியந்ததாக ராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார். நாமும் 'சுல்பிகார் கான் வென்றார்', 'புஸ்ஸி பிடித்தார்' என்றே வகுப்பில் சொல்கிறோம். அந்த எட்டாண்டுகளில் சறுக்கியவர் எத்தனை பேர், அந்த இரவில் கீழே தோள் கொடுத்தவர் யார் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. 2025 ஜூலையில் மராத்தியரின் படையரண்களுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்த ஏற்றத்துக்கும் இவ்வினா பொருந்தும்.

தமிழ் இலக்கியத்துக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. முல்லைக்கலியில் ஏறு தழுவலை நாம் பெரும்பாலும் பார்வையாளர் கண் வழியேதான் காண்கிறோம். தோழி சுட்டிக்காட்ட, தலைவி பார்க்கிறாள். காளைகளின் நிறமும் கொம்பும் நுணுக்கமாக வருகின்றன. தழுவும் இளைஞனுக்குப் பெயர் இல்லை. அது மறதி அன்று. அகப்பாடலில் ஒருவரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. யாரோ ஒருவன் என்பதால்தான் அவன் எல்லோரும் ஆகிறான். ஆனால் கல்வெட்டுக்கும் வரலாற்றுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவை பெயர் சொல்லவே பிறந்தவை. ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவரை விட்டால், அது மரபு ஆகாது; விடுபடல்.

பல்லவர் காலமே இதற்கு மறுமொழியும் வைத்திருக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி எனப்படும் பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் உள்ளிட்ட கல்தச்சர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. புகழுரை ஏதும் இல்லை, வெறும் பெயர்கள். மண்டகப்பட்டில் விடுபட்டதைப் பூஞ்சேரியில் உளி பிடித்தவர்கள் தாமே எழுதிக்கொண்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் பெருமிதத்துக்கு வருவோம். செஞ்சியிலிருந்து திரும்பும் வழியில், எடுத்த ஒளிப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மரமும் ஆள் அடுக்கும் மேளமும் தெளிவாக விழுந்திருந்தன. முடிப்பைத் தொட்ட இளைஞனின் பெயரை யாரேனும் கேட்டீர்களா என்றார் குழுவில் இளையவர். எவரும் கேட்கவில்லை. அடியில் இரண்டு மணி நேரம் தோள் கொடுத்த நால்வரின் பெயரையும், எங்களுக்கு அந்தப் பாடத்தைச் சொன்ன பெரியவரின் பெயரையும்கூட நாங்கள் கேட்கவில்லை. காலையில் மகேந்திரவர்மரிடம் குறை கண்ட ஐவரும் மாலையில் அதையே செய்திருந்தோம்.

வரும் ஆவணியில் மீண்டும் அவ்வூருக்குச் செல்வதென்று முடிவு செய்துள்ளோம். இம்முறை ஒளிப்படக் கருவியோடு ஒரு குறிப்பேடும் வரும். முதலில் கேட்கப்போவது வழுக்கி விழுந்தவர்களின் பெயர்களை.