கிராமாலயா

கிராமாலயா, எஸ். தாமோதரன் 1987இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய தன்னார்வத் தொண்டு நிறுவனம். தில்லை நகர் மேற்கில் அலுவலகம் அமைத்து, மாநகரின் குடிசைப் பகுதிகளிலும் மாவட்டத்துக் கிராமங்களிலும் குடிநீர், கழிப்பிடம், சுகாதாரக் கல்வி ஆகிய பணிகளில் ஈடுபட்டது. கழிப்பிடம் கட்டித் தருவதோடு நில்லாமல், அதை நடத்தும் திறனை ஏழைப் பெண்களிடம் வளர்த்ததே இதன் சிறப்பு.

பின்னணி

வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் தினக்கூலிக் குடும்பம் அன்றைய வருமானத்தை இழக்கிறது. மருந்துக்குக் கடன் வாங்குகிறது. ஒதுக்குப்புறம் செல்ல இருட்டும்வரை காத்திருக்கும் பெண்களுக்கு உடல்நலமும் பாதுகாப்பும் சேர்ந்தே கெடுகின்றன. குடிசைப் பகுதிகளில் கட்டப்பட்ட பொதுக் கழிப்பிடங்கள் பல, தண்ணீரும் பராமரிப்பும் இன்றிப் பாழாகிக் கிடந்தன.

மகளிர் நிர்வாகம்

மாநகராட்சியின் ஒத்துழைப்புடனும் வாட்டர்எய்டு அமைப்பின் உதவியுடனும் இக்கழிப்பிடங்கள் சீரமைக்கப்பட்டு, மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. தொடக்கத்தில் கட்டணம் ஒரு முறைக்கு 50 காசு. குழுப் பெண்கள் முறைவைத்து வாசலில் அமர்ந்து காசு வாங்கினர். அன்றாட வசூலைப் பதிவேட்டில் எழுதினர். துப்புரவுப் பணியாளரின் சம்பளமும் பழுதுபார்க்கும் செலவும் அந்த வசூலிலிருந்தே கொடுக்கப்பட்டன. மிச்சம் பகுதியின் பொதுத் தேவைகளுக்குப் பயன்பட்டது. கணக்கு எழுதுவது, கூட்டம் நடத்துவது, அதிகாரிகளிடம் மனு கொடுத்துப் பேசுவது ஆகியவற்றுக்கு இப்பெண்கள் பயிற்சி பெற்றனர். சிறுவர்களுக்கெனத் தனிக் கழிப்பிடங்களும் அமைந்தன. கல்மந்தை குடிசைப் பகுதி 2002இல் திறந்தவெளி மலங்கழிப்பு அற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது.

கிராமப் பணியும் கடனுதவியும்

கிராமங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறைகள் பரப்பப்பட்டன. ஒரு குழி நிறைந்ததும் கழிவு மற்றொன்றுக்குத் திருப்பப்படும். மூடிய குழியில் உள்ளது மட்கி உரமாகும். குழிச்சுவரில் நீர் கசிய இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பதால் கொத்தனார்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. குடிநீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் சிறுகடன் வழங்க 2007இல் 'கார்டியன்' என்ற நிறுவனம் உருவாக்கப்பட்டது. இதனால் மொத்தமாகச் செலவிட இயலாத குடும்பமும் தவணையில் கடனை அடைத்துச் சொந்தக் கழிப்பறை கட்டிக்கொள்ள முடிந்தது.

மதிப்பீடு

தாமோதரனுக்கு இந்திய அரசு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் கட்டடத்துக்கு நிதி ஒதுக்குவோர், அதை நடத்தப்போகும் மக்களின் பயிற்சிக்கும் அதே அக்கறையுடன் ஒதுக்க வேண்டும் என்பதே திருச்சி அனுபவம் தரும் பாடம்.