பாலைவனச் செடியும் நம்ம பால்மரமும்

ரிங்லெட்டில் நமக்குத் தெரிந்தது தேயிலை. தாப்பா பக்கம் மலையிறங்கினால் பால்மரம். அந்தப் பால்மரத்துக்குத் தூரத்துப் பாலைவனத்தில் ஒரு பங்காளி உண்டு: குவாயூலே. வட மெக்சிகோவிலும் டெக்சாசிலும் வளரும் குட்டைப் புதர் அது.

இரண்டிலும் இருப்பது ஒரே பாலிமர்தான். ஐசோப்ரீன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. ஆனால் பால்மரத்தைச் சீவினால் பால் வடியும்; குவாயூலேயில் வடியாது. ரப்பர் அதன் பட்டை உயிரணுக்களுக்குள் அடைந்து கிடக்கும். செடியையே அரைத்து, பிசினையும் தனியாகப் பிரிக்க வேண்டும். செலவு அதிகம்.

பிறகு ஏன் அமெரிக்கா அதை நட்டது? போருக்கு முன் அதன் ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நம்ம வட்டாரத்திலிருந்து போனது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதமே அங்கே அவசர ரப்பர் திட்டம் சட்டமானது. கலிபோர்னியாவின் சலினாஸ் அதன் மையம். மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களும் குவாயூலே ஆய்வில் உழைத்தார்கள். இங்கேயோ, நம்ம தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

போர் முடிந்தது, மலாயா ரப்பர் மறுபடி கப்பலேறியது. செயற்கை ரப்பரும் வளர்ந்துவிட்டது. 1946-இல் திட்டத்தை மூடி, பயிரை அழித்தார்கள்.

மாணவர்களே, ஜப்பானிய ஆட்சியின் விளைவுகளைத் தேர்வில் கேட்டால் வாழைமர நோட்டோடு நிறுத்திடாதீங்க. ரப்பர் நின்றதால் அமெரிக்காவில் என்ன நடந்தது, தோட்டத்தில் யாருக்கு என்ன ஆனது என்று இரண்டையும் இணைத்து எழுதுங்க.