டாக்டருக்கு எதற்கு கோச்?

நான் கோச் தேடுகிறேன் என்று சொன்னதும் சித்தூரிலிருந்து பெரியப்பா போனில் சிரித்தார். "ஏம்பா, இருபது வருஷமா வைத்தியம் பாக்கறே, இப்போ போய் டியூஷனா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

கோச் என்ற சொல்லே ஒரு வண்டிப் பெயர். ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சையைக் கடக்க உதவும் தனி ஆசிரியரை இந்தப் பெயரால் கிண்டலாக அழைத்தார்கள். விளையாட்டுக்கு வந்தது அதற்கப்புறம்.

டாக்டர்களுக்கு அது வர ஏன் இவ்வளவு காலம்? எங்கள் படிப்பின் அமைப்பு அப்படி. திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி 1960இல் வந்தது. அங்கே ஆகட்டும், லண்டனில் ஆகட்டும், சீஃப் ரவுண்ட்ஸ் வருவார், நாம் கேஸ் சொல்வோம், அவர் திருத்துவார். பட்டமும் பயிற்சியும் முடிந்த மறுநாளிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. பாடகர் சாகும்வரை குருவிடம் போகலாம். டாக்டர் போனால் "இவருக்குத் தெரியாதா?" என்பார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர்தான் வட ஆற்காட்டின் தலைநகரம். வேலூரும் அதில் அடக்கம். அந்த வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வந்தார். வரவழைத்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டும்போது, இந்தக் கைகள் ஏன் இப்படி மடங்குகின்றன என்று பிராண்ட் கேட்டார். காக்ரேன் விளக்கம் சொல்லவில்லை. எலும்பு மருத்துவர் நீங்கள், நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேள்வியைத் திருப்பிவிட்டார். அதிலிருந்துதான் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகள் வேலூரில் பிறந்தன. கத்தியே பிடிக்காத ஒருவரின் கேள்வி, கத்தி பிடித்தவரின் வாழ்க்கையைத் திருப்பியது. கோச்சின் வேலை இதுதான்.

கைத்திறமைக்குக் கோச் வேண்டுமென்றால் கதை வேறு. அமெரிக்காவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த சர்ஜன் அதுல் கவாண்டே, தன் முன்னேற்றம் நின்றுவிட்டதாக உணர்ந்து, தன் பழைய ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்தார். விளக்கு காயத்தை விட்டு விலகியிருந்ததையும், விரித்த துணி எதிரே நின்ற உதவியாளரின் கையைத் தடுத்ததையும் ஆஸ்டீன் குறித்துக் கொடுத்தார். 2011இல் கவாண்டே இதை வெளிப்படையாக எழுதினார்.

களைப்புக்கும்? 2019இல் மேயோ கிளினிக்கின் ஆய்வு ஒன்று வெளியானது. 88 மருத்துவர்கள், அவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் தொழில்முறை கோச்சுடன் தொலைபேசியில் 6 அமர்வுகள், மொத்தமே மூன்றரை மணி நேரம். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, மற்றவர்களுக்குச் சற்று ஏறியது. வேலைத் திருப்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. மாயமந்திரம் எதுவும் இல்லை, ஆனால் பலன் உண்டு.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை.

ஒன்று, நம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் உள்ளவர் வேண்டாம். வேலையோடு விசா கட்டப்பட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவரிடம் உண்மை பேச வாய் வராது.

இரண்டு, பணம் ஆஸ்பத்திரி கொடுத்தால், பேசியதில் எது அவர்களுக்குப் போகும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, கோச் என்று பலகை மாட்ட பெரும்பாலான நாடுகளில் லைசென்ஸ் தேவையில்லை. என்ன பயிற்சி, இதற்குமுன் டாக்டர்களோடு வேலை செய்தாரா என்று கேளுங்கள். முதல் பேச்சில் அவரே அதிகம் பேசினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நான்கு, தூக்கம் போய், உயிர்மேல் வெறுப்பு வந்தால் அது கோச் வேலை அல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது நம்மவர்களுக்கு மட்டும். நம் ஊர் சீனியரை வைத்தால் ஐந்தே நிமிடத்தில் "சரிங்க சார்" என்று மாணவனாகிவிடுவோம். மரியாதை குறையாது, உண்மைதான் வெளியே வராது.

என் கேள்வி ஆபரேஷன் பற்றியதல்ல. இங்கேயே இருப்பதா, வயதான அம்மா அப்பாவுக்காகத் திருப்பதிப் பக்கம் திரும்புவதா என்பது. அதனால் ஓய்வுபெற்ற ஐசியூ நர்ஸ் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். கோச்சிங் முறையாகப் படித்தவர், எந்த நாட்டில் நான் இருந்தாலும் அவருக்கு லாபமில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு டாக்டர் இருந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், அவரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள்.