எலிக்குள் ஒரு சுவிட்ச் - ஒரு மரபணுவின் கதை

நொச்சிக்குப்பம் கடற்கரையில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளைப் பாருங்கள். பின்னால் இன்ஜின், உள்ளே வலை, ஐஸ் பெட்டி, ஓரமாக ஒரு துடுப்பு. இதில் எது எதற்குப் பயன்படுகிறது என்று யாரிடமும் கேட்காமல் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படகை ஓட்டிப் பார்க்கலாம். நல்ல வழிதான். ஆனால் படகு கட்டும்போதே அடிப்பாகத்தை விட்டுவிட்டால்? படகே உருவாகாது. நடுக்கடலில் அந்த அடிப்பாகம் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பதிலும் கிடைக்காது.

மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகளும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

1981-ம் ஆண்டு கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மேத்யூ காஃப்மனும் சுண்டெலியின் இளங்கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும் இதைச் செய்தார். உடலின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் இவை. அந்த செல்லில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் சிதைக்கும் வழியை மரியோ கபெக்கியும் ஆலிவர் ஸ்மித்தீஸும் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்தால், ஒரே ஒரு மரபணு இல்லாத எலியைப் பிறக்க வைக்கலாம். இந்த 'நாக் அவுட்' எலிகளுக்காக எவான்ஸ், கபெக்கி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாம் சரி, ஆனால் சில மரபணுக்களை நீக்கினால் எலி பிறப்பதே இல்லை! கருவிலேயே இறந்துவிடுகிறது. 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், சோதித்த 1,751 மரபணுக்களில் 410 இப்படிப்பட்டவை. ஏறத்தாழ கால்வாசி. கருவுக்கு அது தேவை என்று மட்டும் தெரியும். வளர்ந்த எலியின் குடலிலோ, மூளையிலோ, விந்தகத்திலோ அதற்கு என்ன வேலை? தெரியாது.

வைரஸ் தந்த கத்தரிக்கோல்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் பி-1 என்ற வைரஸில் 'க்ரீ' என்று ஒரு புரதம் இருக்கிறது. 'லாக்ஸ்-பி' என்ற 34 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. அடையாளத்தை அது தேடிப் பிடிக்கும். ஒரே திசையில் அமைந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒட்டிவிடும். 1981-ல் நாட் ஸ்டெர்ன்பெர்க் இதை விவரித்தார். டூபான்ட் நிறுவனத்தின் பிரையன் சாவர், பாலூட்டிகளின் செல்லிலும் இது வேலை செய்யும் என்று 1988-ல் காட்டினார்.

இதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு எலியில், ஆராய வேண்டிய மரபணுவின் இரு பக்கமும் லாக்ஸ்-பி அடையாளம் வைக்க வேண்டும். அந்த எலிக்கு ஒரு குறையும் இருக்காது. இன்னொரு எலியில், குறிப்பிட்ட திசுவில் மட்டும் க்ரீ உண்டாகும்படி செய்ய வேண்டும். அதற்கும் குறை இருக்காது. இரண்டின் வம்சத்தையும் கலந்தால், க்ரீ உண்டாகும் திசுவில் மட்டும் அந்த மரபணு காணாமல் போகும். மற்ற இடங்களில் அப்படியே இருக்கும். 1994-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கிளவுஸ் ராயெவ்ஸ்கியின் குழு இதைச் சாதித்தது. கருவைக் கொன்றுவிடும் ஒரு நீக்கத்தை, நோய் எதிர்ப்பு டி-செல்களில் மட்டும் அவர்கள் செய்து காட்டினார்கள். பின்னர் டமாக்சிஃபென் மருந்து கொடுத்தால் மட்டுமே இயங்கும் க்ரீயும் வந்தது. அதாவது, 'எங்கே' என்பதோடு 'எப்போது' என்பதும் ஆய்வாளரின் கைக்கு வந்துவிட்டது.

ஆக்ட்-4 பட்ட பாடு

இந்த சுவிட்சின் அருமையைப் புரிந்துகொள்ள ஆக்ட்-4 என்ற ஒரு மரபணு போதும். 1998-ல் எடின்பரோவில் ஆஸ்டின் ஸ்மித்தின் குழுவும் மற்றவர்களும் அதை முழுதாக நீக்கிப் பார்த்தார்கள். எலியாக வளர வேண்டிய உள்செல்கள், நஞ்சுக்கொடி பக்கத்துச் செல்களாக மாறிப்போயின. கரு பிழைக்கவில்லை. ஆகவே கருவின் ஸ்டெம் செல்லுக்கு ஆக்ட்-4 உயிர்நாடி என்று தெரிந்தது.

அடுத்த கேள்வி, விந்தாகவும் முட்டையாகவும் மாறப்போகும் ஆதி இனச்செல்களைப் பற்றியது. அவற்றிலும் ஆக்ட்-4 இருக்கிறது. ஆனால் கருவே இறந்துபோனால் இனச்செல்லை எங்கே பார்ப்பது? 2004-ல் ஹான்ஸ் ஷோலர் உள்ளிட்ட குழு, க்ரீயைக் கொண்டு இனச்செல்களில் மட்டும் அதை நீக்கியது. அந்த செல்கள் வேறு வகையாக மாறவில்லை, செத்தே போயின. ஒரே மரபணு, இரண்டு இடத்தில் இரண்டு வேலை!

மூன்றாவது கேள்விதான் சூடானது. வளர்ந்த உடலின் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களிலும் ஆக்ட்-4 தென்படுகிறது என்று பல ஆய்வகங்கள் எழுதின. அப்படியானால் பெரியவர்களின் உடலிலும் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல் இருக்கிறதோ என்ற நம்பிக்கை பிறந்தது. 2007-ல் ருடால்ஃப் யேனிஷின் ஆய்வகம், எலியின் குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால், மூளை, கல்லீரல் ஆகியவற்றில் ஆக்ட்-4-ஐ நீக்கியது. என்ன ஆனது தெரியுமா? ஒன்றுமே ஆகவில்லை. திசுக்கள் வழக்கம்போலப் புதுப்பித்துக்கொண்டன. முன்பு தென்பட்டதில் ஒரு பகுதி, ஆக்ட்-4 போலவே எழுத்து அமைந்த செயலற்ற போலி மரபணுக்களால் வந்த குழப்பம்.

நம் நாட்டில்

வேற்று மரபணு கொண்ட எலியை உருவாக்க, வழக்கமாகக் கருமுட்டைக்குள் நுண்ணூசியால் டி.என்.ஏ.வைச் செலுத்துவார்கள். விலை உயர்ந்த கருவி, பழகிய கை, நிறைய பெண் எலிகளின் உயிர் எல்லாம் அதற்குத் தேவை. டெல்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் சுபீர் மஜும்தாரும் சுவீரா துப்பும் 2008-ல் வேறு வழி காட்டினார்கள். இளம் ஆண் எலியின் விந்தகத்தில் டி.என்.ஏ.வைச் செலுத்தி, சிறு மின்துடிப்பு கொடுத்தார்கள். விந்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்குள் மரபணு நுழைந்துவிட்டது. பிறகு இயற்கையான இனச்சேர்க்கையே போதும். இனச்செல்லை ஆராயும் எலியை இனச்செல் வழியாகவே உண்டாக்கிய முறை இது.

இதெல்லாம் எலிகளின் கதைதானே என்று நினைக்க வேண்டாம். ஸ்டெம் செல் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற விளம்பரங்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன. மற்றவை முறையான மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்கலாம். செல்லுக்குள் ஏதோ ஒன்று 'இருக்கிறது' என்பது வேறு, அது 'வேலை செய்கிறது' என்பது வேறு.

படகில் துடுப்பு கிடக்கிறது என்பதற்காகப் படகு துடுப்பால்தான் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நொச்சிக்குப்பத்தில் சிரிப்பார்கள். எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பார் என்பார்கள். 2007-ல் அந்த எலிகள் சொன்னதும் அதைத்தான்.