அரங்கம் தேடும் உடல்: ஒரு வெல்டர்வெயிட் வாழ்வும் கோவைத் தேகப்பயிற்சிசாலையும்

வடசென்னையில் வேரூன்றியதுபோல் கொங்கு மண்ணில் குத்துச்சண்டை ஏன் தொழிலாக வேரூன்றவில்லை? இங்கே அதற்கான மரபு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. மரபு உடலைப் பழக்கும், அவ்வளவுதான். பழகிய உடலுக்குச் சோறு போடுவது காசு கொடுத்துப் பார்க்க வரும் கூட்டமும் சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டரும்தான்.

ஹரியானாவின் நீரஜ் கோயத் இதற்கு நல்ல சான்று. தொழில்முறை வெல்டர்வெயிட்டின் வரம்பு 147 பவுண்டு, ஏறத்தாழ 66.7 கிலோ. சுகர் ரே ராபின்சனும் மேனி பாக்கியோவும் ஆண்ட எடை அது. 2011இல் தொழில்முறைக்கு வந்த கோயத், 2015இல் அந்தப் பிரிவில் டபிள்யூ.பி.சி. ஆசியப் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு தொழில்முறை வீரர்களுக்கும் ஒலிம்பிக் கதவு திறந்தபோது வெனிசுவேலாவில் நடந்த தகுதிப் போட்டி வரை போனார்; ரியோ கைகூடவில்லை. 2019 ஜூலையில் ஜெத்தாவில் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் ஆமிர் கானைச் சந்திக்க ஒப்பந்தமாகியிருந்தது. சில வாரங்களுக்கு முன் கார் விபத்தில் காயமடைந்தார். அந்த இடம் ஆஸ்திரேலியரான பில்லி டிப்புக்குப் போயிற்று. மாதச் சம்பளக்காரருக்கு விபத்து என்றால் மருத்துவ விடுப்பு உண்டு. இவருக்கோ எட்டாண்டு உழைப்பு தேடித் தந்த ஓர் இரவே போய்விட்டது. அதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

2024 நவம்பரில் டெக்சாஸின் ஆர்லிங்டனில், மைக் டைசன் - ஜேக் பால் சண்டை நடந்த அதே மேடையில், பிரேசில் நகைச்சுவைக் கலைஞர் விண்டர்சன் நூனிஸை ஆறு சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் வென்றார். அது வெல்டர்வெயிட்டுக்கு மேற்பட்ட எடை. ஆசியப் பட்டத்தைவிட அந்த இரவே அவரைப் பலருக்கு அறிமுகம் செய்தது என்பது என் கணிப்பு. திறமை எங்கே விலைபோகும் என்பதை வளையத்துக்கு வெளியே இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள்.

இனி கோவை. அங்குள்ள ராமநாதபுரத்தில் பிறந்த சின்னப்பா தேவர் பங்கஜா மில் தொழிலாளி. நண்பர்களோடு தேகப்பயிற்சிசாலை நடத்தியவர். ‘சாண்டோ’ என்ற அடைமொழியே அந்த உடலுக்கு ஊர் தந்த பட்டம். அந்த உடலை விலைக்குக் கேட்டது குத்துச்சண்டை அன்று, சினிமா. ஜூபிடர் பிக்சர்ஸின் ‘ராஜகுமாரி’யில் (1947) எம்.ஜி.ஆரோடு மோதும் முரடனாக நின்றார். 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்துத் தயாரிப்பாளரானார். சென்னையிலும் ஸ்டுடியோக்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அங்கே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளும், அவற்றுக்காகத் திரண்ட துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் கூடவே இருந்தார்கள். கோவையின் கட்டுடல் இளைஞனுக்கு அகலத் திறந்திருந்த வாசல் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோதான்.

அரசு வேலை இன்னொரு வாசல். குத்துச்சண்டை வீரர் விகாஸ் கிருஷன் 2018இல் அமெரிக்காவின் டாப் ரேங்க் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். தொழில்முறையில் ஆடிய இரண்டிலும் வென்றார். இருந்தும் டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 69 கிலோ பிரிவுக்குத் திரும்பினார். 2021 ஜூலையில் முதல் சுற்றிலேயே ஜப்பானின் ஒகஸவாவிடம் தோற்றார். ஊர் திரும்பியவருக்கு ஹரியானா காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி இருந்தது, தொழில்முறை வளையம் அப்படியொரு நாற்காலியை யாருக்கும் போட்டு வைப்பதில்லை.